முதிய வீரரை விலக்கியது முறையா?

பனிக்கட்டித் தளத்தின் மேல் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி நாம் தலையங்கம் எழுதப் புகுந்ததைக் கண்டு நேயர்களில் சிலர் வியப்படையக் கூடும். ஹாக்கி என்றவுடன் நம் நாட்டாருக்கு 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-ல் லாஸ் ஏஞ்ஜலிஸிலும், 1936-ல் பெர்லினிலும் த்யான் சந்தின் மட்டை புரிந்த அற்புதங்களே நினைவுக்கு வரும். நாம் இங்கே பிரஸ்தாபிப்பது அந்த ஹாக்கியன்று. கானடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பித்துக் கொண்டு பார்க்கும் ஐஸ் ஹாக்கியைப் பற்றியே பேசுகிறோம். கால்களில் இரும்புச் சறுக்குக் காலணி பூண்டு, ரப்பர் வட்டொன்றை மட்டைகளால் அடித்துக்கொண்டு, கட்சிக்கு ஆறு பேராக மோதும் ஆட்டம் அது. ஆறு பேரில் ஒருவர் கோல் காப்பவர். இருவர் அவருக்கு முன்னே நின்று எதிரியைத் தடுக்கும் தற்காப்பு வீரர்கள். அப்படிப்பட்ட தற்காப்பு வீரர் ஒருவரை, அவருக்கு 43 வயதான காரணத்தால், 14 வருஷம் அவரைத் தலைவராக வைத்திருந்த கழகம் மறுபடியும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் விட்டுவிட்டது. 2020-ம் வருஷத்தில் நடந்த சங்கதி அது. அதைப் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இதே கேள்வி கோடைதோறும் ஏதாவதொரு கழகத்தின் வாசலில் வந்து நிற்பதாலும், ஆட்டத்தளத்துக்கு வெளியேயும் உழைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவரையும் ஒரு நாள் இது தொடுமாதலாலும், இவ்விஷயத்தைச் சிறிது விரித்து ஆராய்வது தகும் என்று கருதுகிறோம்.

கழகம் பாஸ்டன் நகரத்து புரூயின்ஸ். வீரர் மிஸ்டர் ஜ்டேனோ சாரா. 1977-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, அப்போது செக்கோஸ்லோவாகியா என்று வழங்கிய நாட்டில், டிரென்சின் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் ஒலிம்பிக் பந்தயத்தில் கலந்துகொண்ட மல்லர். மகனோ ஆறடி ஒன்பது அங்குலம் வளர்ந்தார். நாஷனல் ஹாக்கி லீக் வீரர்களில் அவ்வளவு உயரமுள்ளவர் அதுகாறும் ஆடியதில்லை. சாதாரண வீரர்களுக்கு விதித்த அளவுக்கு மேல் நீளமான மட்டை வைத்துக்கொள்ள அவருடைய உயரத்தை முன்னிட்டு அனுமதி உண்டு. அந்தக் கையும் அந்த மட்டையும் சேர்ந்து நீண்டால் தளத்தின் பாதி அடைபட்டதுபோல் எதிரிகளுக்குத் தோன்றும் என்பார்கள். 2012-ல் நடந்த திறமைப் போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அவர் வட்டை அடித்தார்.

உடல் வலிமையால் மட்டும் பெயர் பெற்றவரல்லர் அவர். 1996-ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் கழகம் 56-வது இடத்தில்தான் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதாவது அவருக்கு முன் 55 இளைஞர்களை மேலானவர்களென்று கழகங்கள் மதித்தன! 2001-ல் ஆட்டவா கழகத்துக்கு மாற்றப்பட்டார். 2006-ல் அந்தக் கழகத்தார், மிஸ்டர் சாரா, மிஸ்டர் வேட் ரெட்டன் என்ற சம வயதுடைய இருவரில் ஒருவரையே வைத்துக்கொள்ள இயலும் நிலையில் மிஸ்டர் ரெட்டனை வைத்துக்கொண்டு இவரைப் போகவிட்டனர். பாஸ்டன் ஐந்து வருஷத்துக்கு 3 கோடியே 75 லக்ஷம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு இவரைத் தலைவராகவும் நியமித்தது. 2009-ல் லீகின் சிறந்த தற்காப்பு வீரருக்குரிய நாரிஸ் விருதைப் பெற்றார். 2011-ல் வான்கூவர் நகரில், ஏழாவது ஆட்டத்தில் வென்று, 1972-க்குப் பின் பாஸ்டன் கண்டிராத ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஆட்டவாவின் அறிவாளிகள் அன்றிரவு என்ன நினைத்தார்களோ, நாம் அறியோம்.

தலைமை என்பதற்கு அவர் கொடுத்த பொருளும் கவனிக்கத் தக்கது. அந்த விளையாட்டில் புதிதாக வந்து சேரும் இளைஞரைப் பழையவர்கள் ஏளனம் செய்வதும், எடுபிடி வேலை வாங்குவதும் நெடுநாளைய வழக்கம். மிஸ்டர் சாரா தமது அறையில் அதற்கு இடங்கொடுக்கவில்லை. புதியவரைக் குறிக்கும் அந்த இளக்காரமான சொல்லையே தமது காதில் விழக்கூடாதென்று விலக்கினார். பத்தொன்பது வயதுப் பையனும் தம்மைப் போலவே சம்பளத்துக்கு உழைப்பவன், சமமானவன் என்பது அவர் கொள்கை. பல பாஷைகள் பேசுவார். 2019-ம் வருஷத்து இறுதிப் போட்டியின் நாலாவது ஆட்டத்தில் வட்டு முகத்தில் தாக்கி அவருடைய தாடை உடைந்தது. வயது 42. அடுத்த ஆட்டத்தில் தாடையைக் கட்டிக்கொண்டு தளத்தில் வந்து நின்றார். பாஸ்டன் ஜனங்கள் எழுந்து நின்று எழுப்பிய கோஷம் அடங்க நெடுநேரமாயிற்று. அந்தத் தொடரில் பாஸ்டன் தோற்றது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம். வீரம் வேறு, வெற்றி வேறு.

இனி ஒப்பந்தங்களைக் கவனிப்போம். 2010-ல் ஏழு வருஷத்துக்கு 4 கோடியே 55 லக்ஷம் டாலர். அது முடிந்தபின், 2018-19 பருவத்துக்கு மட்டும் 50 லக்ஷம். அடுத்த பருவத்துக்கு 20 லக்ஷம். வயது ஏற ஏறச் சம்பளம் இறங்கிற்று. காலமும் ஓர் ஆண்டாகச் சுருங்கிற்று. இதில் எவருக்கும் வருத்தமில்லை. வீரரே மனமொப்பிக் கையெழுத்திட்டார். 2019-20-ல், தொற்றுநோயால் குறுக்கப்பட்ட பருவத்தில், பாஸ்டன் ஆடிய 70 ஆட்டங்களில் 68-ல் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி சுமார் 21 நிமிஷம் தளத்தில் நின்றார். அவ்வருஷம் லீகிலேயே அதிகப் புள்ளிகள் பெற்றதும், மிகக் குறைவாகக் கோல் விட்டதும் பாஸ்டன்தான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் டொராண்டோவில் அடைத்துவைத்து நடத்திய கோப்பைச் சுற்றில் டாம்பாவிடம் ஐந்தே ஆட்டத்தில் தோற்று வீடு திரும்பினர். அதன் பிறகு மௌனம். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. டிசம்பர் 30-ந் தேதி, புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், மிஸ்டர் சாரா வாஷிங்டன் கழகத்தில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அங்கே அவர் ஒப்புக்கொண்ட சம்பளம், வெகுமானத் தொகைகள் நீங்கலாக, 7 லக்ஷத்து 95 ஆயிரம் டாலர். அந்த லீகில் யாருக்கும் கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 7 லக்ஷம்.

பாஸ்டன் கழகத்தின் நிர்வாகி மிஸ்டர் டான் ஸ்வீனியின் கட்சியை முதலில் எடுத்துரைப்பது நியாயம். பிரதிவாதியின் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழக்கமில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: இடப்பக்கத் தற்காப்புக்கு லோஸான், ஸ்போரில், வாகனய்னன் என்ற மூன்று இளைஞர்கள் வளர்ந்து காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஆட இடம் கொடுக்காவிட்டால் அவர்களுடைய யோக்கியதையை அறிவது எப்போது? ஆதலின் மிஸ்டர் சாராவுக்குக் குறைந்த பங்கே, வேண்டியபோது அழைக்கும் நிலையே, கொடுக்க இயலும் என்றனர். இளைஞர்களைக் கொண்டு முன்செல்வதே கழகத்தின் எண்ணம் என்று தம்மிடம் தெரிவிக்கப்பட்டதாக மிஸ்டர் சாராவும் அறிவித்தார்.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுவோர் விளையாட்டின் பொருளாதாரத்தை அறியாதவர்கள். அந்த லீகில் ஒவ்வொரு கழகமும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆண்டுதோறும் உயர்ந்துவந்த அவ்வரம்பு, தொற்றுநோயால் வரும்படி விழுந்தமையின், 8 கோடியே 15 லக்ஷம் டாலரிலேயே நின்றுவிட்டது. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்கு இல்லை. 35 வயதுக்கு மேற்பட்டவரோடு பல வருஷ ஒப்பந்தம் செய்தால், அவர் நடுவில் ஓய்வு பெற்றாலும் அந்தச் சுமை பொதுவாகக் கழகத்தின் கணக்கை விட்டு இறங்காது என்ற விதி வேறு. முதியவர்மேல் வைத்த அன்பால் கையைச் சுட்டுக்கொண்ட கழகங்கள் பல. முப்பது வயது தாண்டியவர்க்கு நீண்ட ஒப்பந்தம் எப்படி முடியும் என்பதற்கு, மேலே சொன்ன ரெட்டனே சாட்சி. 2008-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அவருக்கு ஆறு வருஷத்துக்கு 3 கோடியே 90 லக்ஷம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இரண்டே வருஷத்தில் அவரைக் கீழ் லீகுக்கு அனுப்பிவிட்டது. நன்றி, விசுவாசம், பழைய கோப்பை, உடைந்த தாடை இவற்றையெல்லாம் காட்டி ஒரு ஸ்தாபனத்தை வருஷக்கணக்கில் கட்டிப்போடக் கூடாது என்பதில் நமக்கும் மிஸ்டர் ஸ்வீனிக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. கழகம் இன்றைய வீரருக்காக மட்டும் நடப்பதன்று. நாளை வரவேண்டிய பையனுக்கும் அதில் பாத்தியதை உண்டு.

ஆனால் இவ்வழக்கில் அந்த நியாயம் பொருந்துகிறதா என்பதே கேள்வி. பல வருஷ ஒப்பந்தத்தை யாரும் கேட்கவில்லை. பெருந்தொகையையும் கேட்கவில்லை. வாஷிங்டனில் அவர் வாங்கச் சம்மதித்த சம்பளத்தைப் பார்த்தபின், பணம் குறுக்கே நின்றது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆக, பிணக்கு பணத்தைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. முந்தின வருஷம் 21 நிமிஷம் நின்றவரைப் பார்த்து, பயிற்சி தொடங்குமுன், ஒரு பந்தயம் கூட வைத்துப் பாராமல், "நீர் வெளியே உட்கார்ந்திரும்; வேண்டும்போது கூப்பிடுகிறோம்" என்று சொல்வது பரீக்ஷைக்கு முன்பே பரீக்ஷையின் முடிவை வெளியிடுவதற்கு ஒப்பாகும். இளைஞர் மூவரில் எவர் அவரைவிட மேலென்று தளத்தில் நிரூபித்திருந்தாலும் நாம் வாய் திறந்திருக்க மாட்டோம். மிஸ்டர் சாராவும் திறந்திருக்க மாட்டார் என்றே நம்புகிறோம்.

வயது ஒரு தற்காப்பு வீரரிடமிருந்து எதைப் பறிக்கிறது, எதைப் பறிப்பதில்லை என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். முதலில் போவது காலின் விரைவு. குறிப்பாக, பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருப்பவர் எதிரி தம்மைக் கடக்கும்போது சட்டென்று திரும்பும் அந்த ஒரு கணம். 2005-க்குப் பிறகு, எதிரியைப் பிடித்து இழுப்பதும் மறிப்பதும் கண்டிப்பாகத் தண்டிக்கப்பட்டபோது, அந்தக் கணத்தின் விலை முன்னிலும் ஏறிற்று. பழைய காலத்துத் தற்காப்பு வீரர் பலர் அந்த மாற்றத்திலேயே காணாமற் போயினர். மிஸ்டர் சாரா அதற்கு ஈடு கொடுத்து அதன்பின் 15 வருஷம் ஆடியவர். காலில் போனதைக் கண்ணாலும் கையாலும் ஈடு செய்தார். வட்டு எங்கே வரும் என்பதை அது வருமுன் அறிந்து, அங்கே முன்கூட்டியே போய் நிற்பவருக்கு ஓட்டம் குறைவாகவே தேவைப்படும். தம் கட்சியில் ஓர் ஆள் தண்டனையில் வெளியேறி, நால்வர் ஐவரைத் தடுக்க வேண்டிய நேரத்தில், பரப்பு குறுகுகிறது; விரைவைவிட நிற்குமிடமும், மட்டையின் நீளமும், கோலுக்கு முன்னே அசையாத உடம்பும் பெரிதாகின்றன. பாஸ்டன் அவரை மிகுதியாகப் பயன்படுத்தியதும் அந்த வேளையில்தான். வயது அவருக்குத் தீங்கு செய்ததென்பதை மறுக்கவில்லை. டாம்பாவின் வேகத்தை 2020 ஆகஸ்டில் அவர் கால்கள் தாங்கவில்லை என்பதைப் பார்த்தவர்கள் அனைவரும் ஒப்புவர். அதற்கு மருந்து, 21 நிமிஷத்தை 17 ஆக்குவது; வேகமான எதிரிகளின் முன் இளைஞரை நிறுத்துவது; தண்டனை நேரத்துக்கு முதியவரை வைத்துக்கொள்வது. கதவைச் சாத்துவதன்று.

நாம் நியாயஸ்தலத்தில் தொழில் நடத்திய நாட்களில் நம்மிடம் ஒரு வயோதிக குமாஸ்தா இருந்தார். எழுத்து நடுங்கும், படியேற மூச்சு வாங்கும். அவரை நிறுத்திவிட்டு ஒரு பட்டதாரிப் பையனை வைத்துக்கொள்ளும்படி நண்பர்கள் யோசனை சொன்னார்கள். பையனை வைத்துக்கொண்டோம், கிழவரையும் நிறுத்தவில்லை. எந்த ஆவணம் எந்தக் கட்டில் இருக்கிறது, எந்த நீதிபதி எதற்குச் சினப்பார் என்பதையெல்லாம் பையன் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டான். இரண்டு வருஷம் கழித்து அவரே ஒரு நாள், "இனிப் பையன் போதும்" என்று சொல்லிவிட்டு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். ஹாக்கிக் கழகமும் வக்கீல் ஆபீஸும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பது என்பதைத் தீர்மானிக்க அவரைவிடத் தகுந்தவர் அன்று எவருமில்லை என்பதை நாம் மறக்கவில்லை.

முன் நடந்த உதாரணங்கள் ஏராளம். பாஸ்டனின் சொந்தச் சரித்திரத்திலேயே மிஸ்டர் ரே போர்க் இருக்கிறார். 1979 முதல் 21 பருவம் அங்கே ஆடி, கோப்பை காணாமல், 39-ம் வயதில், 2000 மார்ச் மாதம், தாமே கேட்டுக்கொண்டபடி கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். அது நேரான காரியம். வீரர் மனம் திறந்து கேட்டார். கழகம் மனம் திறந்து கொடுத்தது. 2001-ல் கொலராடோ வென்றபோது அதன் தலைவர் மிஸ்டர் சாகிக் கோப்பையைத் தாம் தூக்காமல் கிழவரின் கையில் கொடுத்ததும், அதை அவர் பாஸ்டனுக்கே கொண்டுவந்து நகர மண்டபத்தின் முன் ஜனங்களுக்குக் காட்டியதும் அந்த விளையாட்டில் இன்றும் பேசப்படும் கதை. டிட்ராயிட் கழகம் செய்ததோ வேறு விதம். மிஸ்டர் லிட்ஸ்ட்ராமுடன் கடைசியில் வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் செய்துகொண்டது; 2011-ல், 41-ம் வயதில், அவர் மறுபடியும் நாரிஸ் விருதைப் பெற்றார்; அடுத்த வருஷம் தாமே விலகினார். அதே டிட்ராயிட்டில் மிஸ்டர் செலியோஸ் 47 வயது வரையில் இருந்தார். 2008-09 பருவத்தில் அவர் ஆடியவை 28 ஆட்டங்களே. வெளியே உட்காரும் பங்கை அவர் படிப்படியாக, வருஷம் வருஷமாக ஏற்றுக்கொண்டார். ஒரே இரவில் அது அவர் தலையில் சுமத்தப்படவில்லை. மறுபுறத்தில், பிட்ஸ்பர்க் கழகம் 2022-ல் 35 வயதான மிஸ்டர் லெடாங்குக்கு ஆறு வருஷத்துக்கு 3 கோடியே 66 லக்ஷம் டாலர் எழுதிக்கொடுத்தது. நன்றியை இப்படியும் காட்டலாம். ஆனால் நாம் நிர்வாகியாக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டோம்.

மிஸ்டர் ஸ்வீனியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கணக்கு மட்டும் தெரிந்த முதலாளியல்லர். 1988 முதல் 2003 வரை அதே பாஸ்டன் கழகத்தில் தற்காப்பு வீரராக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்; போர்க்கின் தோழர். அவருடைய கடைசிப் பருவம் பாஸ்டனில் கழியவில்லை. டாலஸ் நகரில் கழிந்தது. இந்த வேதனை அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமன்று. அப்படிப்பட்டவர் டிசம்பர் வரையில் ஒரு முடிவைச் சொல்லாமல் காலங் கடத்தியது ஏன் என்பதே நமக்குப் புரியவில்லை. பருவம் எப்போது தொடங்கும் என்பதே நிச்சயமில்லாத காலம் அது என்று சமாதானம் சொல்லலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பங்கு குறையும் என்பதை அக்டோபரில் சொல்வதற்குப் பருவத் தேதி எதற்கு?

பின்னர் நடந்தவை என்ன? வாஷிங்டனில், 56 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், 55-ல் மிஸ்டர் சாரா ஆடினார். சராசரி சுமார் 18 நிமிஷம். "உடம்பு தாங்காது" என்றவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். பாஸ்டனிலோ, லோஸான் பிப்ரவரியில் கையெலும்பு முறிந்து பல வாரம் ஆடவில்லை. ஏப்ரலில் கழகம் ஆட்டவாவிலிருந்து மிஸ்டர் ரைலி என்ற இடப்பக்கத் தற்காப்பு வீரரை வாங்கிக்கொண்டு வந்தது. இடமில்லை என்று ஒருவரை அனுப்பிய அதே இடத்துக்கு நாலு மாதத்தில் ஆள் தேட நேர்ந்தது! கோப்பைச் சுற்றின் முதல் படியில் பாஸ்டன், மிஸ்டர் சாரா இருந்த வாஷிங்டனையே ஐந்து ஆட்டத்தில் வென்றது. இதை மறைப்பது நேர்மையன்று; அன்றைக்குக் கழகத்தின் பக்கமே வெற்றி. அடுத்த படியில் ஐலண்டர்ஸ் கழகத்திடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. மில்லர், கார்லோ இருவரும் காயத்தால் இல்லை. இரண்டாவது ஆட்டத்தின் மேல்நேரத்தில் லோஸான் தவறவிட்ட வட்டை எதிரி எடுத்துக்கொண்டு போய்க் கோலில் தள்ளினான். அந்த இளைஞரை நாம் பழிக்கவில்லை. அந்த வயதில் அப்படித்தான் கற்க வேண்டும். கிழவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்றும் சொல்ல மாட்டோம். நடவாததைக் கொண்டு வழக்காடுவது வக்கீலுக்கு அழகன்று.

ஆனால் அந்த மூன்று இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, ஏனெனில் கழகம் தனது முழு வாதத்தையும் அவர்கள் தலையில்தான் வைத்திருந்தது. 2021 ஜூலையில் ஸியாட்டில் என்ற புதிய கழகம் ஆள் எடுத்தபோது லோஸான் அதன் வசமானார். ஸ்போரிலுக்கு 2021 டிசம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. வாகனய்னனை 2022 மார்ச்சில், மிஸ்டர் லிண்ட்ஹோம் என்ற தேர்ந்த தற்காப்பு வீரரைப் பெறுவதற்காக, அனஹைம் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிர்காலம் என்று எவர்களைக் காட்டினார்களோ, அவர்களில் எவரும் எதிர்காலமாகவில்லை. உண்மையான எதிர்காலம் வேறிடத்தில் இருந்தது. 2017 முதல் மிஸ்டர் சாராவின் பக்கத்திலேயே நின்று, அவர் பார்ப்பதைப் பார்த்து, அவர் நிற்பதுபோல் நிற்கக் கற்ற மிஸ்டர் மக்கவாய்தான் அது. அவரை 2021-ல் எட்டு வருஷத்துக்குக் கழகம் அமர்த்திக்கொண்டது. கற்றுக்கொடுத்தவரின் பயன் வரவு செலவுக் கணக்கில் எந்தப் பத்தியில் வரும் என்று கணக்குப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிராக ஒருவர், "2022-23 பருவத்தில் பாஸ்டன் 65 ஆட்டங்களில் வென்று 135 புள்ளிகள் பெற்று லீகின் சரித்திரத்திலேயே முதலிடம் பெறவில்லையா? கிழவரை விட்டதால் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்கலாம். கேட்கட்டும். கழகம் அழிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. மிஸ்டர் சாராவும் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். 2021-22-ல், தாம் முதலில் ஆடிய ஐலண்டர்ஸ் கழகத்துக்கே திரும்பிப் போய் 72 ஆட்டம் ஆடி, அதிக ஆட்டங்கள் ஆடிய தற்காப்பு வீரர் என்று செலியோஸின் கணக்கைத் தாண்டினார் என்றாலும், அக்கழகம் அவ்வருஷம் கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 45 வயது 45 வயதுதான். நமது வழக்கு ஒரே ஒரு வருஷத்தைப் பற்றியது. 2020-21-ல் அவரிடம் இன்னும் வேலை இருந்தது, அந்த வேலை பாஸ்டனுக்குத் தேவைப்பட்டது, விலை அற்பம். மூன்றும் சேர்ந்த இடத்தில் மறுப்பதற்கு நியாயம் ஏது?

ஆதலின், கழகம் செய்திருக்க வேண்டியது இது. அக்டோபரிலேயே அவரை அழைத்து, ஒரு வருஷ ஒப்பந்தம், வாஷிங்டன் கொடுத்த அளவு சம்பளம், ஆடும் ஆட்டங்களின் கணக்குக்கேற்ப வெகுமானம் என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். 35 வயது கடந்தவர்க்கு அப்படி வெகுமானம் வைக்க லீகின் விதிகளே இடந்தருகின்றன. இடம் முன்கூட்டி நிச்சயமில்லை, பயிற்சியில் இளைஞரோடு போட்டியிட்டுப் பெறவேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்கும் சம்மதியாமல் போயிருந்தால், பிழை கழகத்தின் மேல் இல்லை. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் இக்கேள்வி வருகிறது. 2025 ஜூலையில், 40 வயதான மிஸ்டர் பர்ன்ஸைக் கொலராடோ இப்படித்தான் ஒரே வருஷத்துக்கு எடுத்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒருமுறை கேட்டு, வருஷத்துக்கு ஒருமுறை விடை சொல்வதில் இரு தரத்தாருக்கும் நஷ்டமில்லை.

2021 மார்ச் மாதத்தில் வாஷிங்டன் சட்டையணிந்து மிஸ்டர் சாரா பாஸ்டன் அரங்கில் முதன்முறை கால்வைத்தபோது, தொற்றுநோய்க் கட்டுப்பாட்டால் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. உடைந்த தாடைக்காக எழுந்து நின்ற ஜனங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பழைய படங்களைத் திரையில் காட்டினார்கள். பழைய தோழர்கள் மட்டைகளால் பனித்தளத்தைத் தட்டினார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, 2022 செப்டம்பர் 20-ந் தேதி, பாஸ்டன் கழகத்தார் அவரைத் திரும்ப அழைத்து, புரூயின்ஸ் வீரராகவே ஓய்வு பெறட்டும் என்று ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அவரும் கையெழுத்திட்டார். அதன் காலம் ஒரு நாள்.